சந்தைக்கு வந்த கொம்பன் குட்டிகள்

கோத்தகிரி

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் கிடைத்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே, மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கும் பெருவலையோடு வரும் சுருக்குமடிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட, உங்கள் ஊர் வள்ளங்கள் வெறுமையாகத் திரும்பியதை எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத நினைத்திருந்தபோதுதான் இங்கே ஒன்று நடந்தது.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாளாகிறது. பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்து கொடுக்க வேண்டும் என்று சம்பந்தியம்மாள் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வந்த ஐஸ் பெட்டியில் பால்சுறா என்று வைத்திருந்தவற்றில் மூன்று, கொம்பன் சுறாவின் குட்டிகள். சுத்தியல்போல் இருபுறமும் விரிந்த தலையோடு ஒவ்வொன்றும் ஒரு முழம் இருக்கும். கடைக்காரர் ஒன்றைப் புரட்டிப் போட்டபோது, மார்புத் துடுப்புகளுக்கு நடுவே தொப்புள் வடு சரியாக மூடாமல் சிவந்து தெரிந்தது. பேத்திக்குத் தொப்புள்கொடி உதிர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மீன் நன்றாக இல்லை என்று வீட்டில் பொய் சொன்னேன். பூண்டுக் குழம்போடு அன்றைய பத்தியம் முடிந்தது.

கடைக்காரரை நொந்து பயனில்லை, பெட்டியில் வந்ததை அவர் விற்கிறார். சட்டமும் இந்த விஷயத்தில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. 2001 ஜூலையில் எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புப் பட்டியலில் சேர்த்த மத்திய அரசு, மீனவர்கள் எதிர்த்ததால் அந்த டிசம்பரிலேயே அதைச் சில இனங்களாகச் சுருக்கியது. முதுமலைப் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் திமிங்கிலச் சுறாவும், ரம்பம்போல் மூக்கு நீண்ட வேளா மீனும் இருப்பது இந்த மலையில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2013-இல் துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசக்கூடாது என்றார்கள். 2015-இல் துடுப்பு ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். துடுப்புக்கு அணை போட்டாயிற்று, ஆனால் கறி நம் வீட்டு அடுப்புக்கல்லவா வருகிறது?

சுருக்குமடியைப் பற்றி நீ சொல்வதை மறுக்கவில்லை. அது வாரிக்கொண்டு போகும் மத்தியும் அயிலையும் சுறாவுக்கும் இரைதான். ஆனால் நீ கோபித்துக்கொள்ளாதே: குட்டிகளைக் கொல்வதில் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிக்கும் கரையோரம் விடும் சிறுகண்ணி வலைக்கும் பெரும் பங்கு உண்டு, ஏனென்றால் கொம்பன் சுறா தன் குட்டிகளை ஈனுவது பெரும்பாலும் ஆழம் குறைந்த கரைக்கடலில்தான். மத்தி ஓராண்டுக்குள் முட்டையிட்டுப் பெருகிவிடும். கொம்பன் பருவமடையவே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகலாம், அதன் பிறகும் ஏறத்தாழ ஓராண்டு சினையைச் சுமக்க வேண்டும். பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்கள் 1970-க்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்தக் கணக்கில் குட்டிகளையும் விட்டுவைக்காவிட்டால் அந்த இழப்பு எப்படி ஈடாகும்?

உங்கள் ஏலக்கூடத்தில் கொம்பன் குட்டிகள் எந்த மாதங்களில் அதிகம் வருகின்றன என்று கொஞ்சம் விசாரித்து எழுது. அந்த மாதங்களில் மட்டுமாவது கரையோரத்தில் சிறுகண்ணி வலையைத் தவிர்க்க உன் பேச்சைக் கேட்பவர்கள் சங்கத்தில் இன்னும் இருப்பார்கள். சம்பந்தியம்மாளிடம் இரண்டாவது தடவையும் பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். இந்தப் பக்கம் வருபவர் யாராவது இருந்தால் சூடைக் கருவாடு கொடுத்தனுப்பு.

அன்புடன்,
மாதன்