மதினிக்கு, அந்த வாக்குத்தத்த அட்டையைப் பற்றி

அன்புள்ள மதினி,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "எனக்கு ஆண்டவர்மேல கோபமா இருக்கு. ஜெபிக்க உட்கார்ந்தா சண்டை போடத்தான் வருது. இது பாவமா?" என்றீர்கள். எழுதுகிறேன் என்று மறுநாள் சொன்னபோது, "எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுது, என்னை மாதிரி வெளியே சொல்ல முடியாம எத்தனை பேரோ" என்றீர்கள். அதனால்தான் இப்படி.

முதலில் அந்த அட்டை. புத்தாண்டு ஆராதனையில், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு வசன அட்டை எடுத்தபோது அண்ணனுக்கு வந்தது சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." ஆஸ்பத்திரியில் அதை அவர் தலையணைக்குக் கீழே வைத்தது நீங்கள்தான். 19 நாட்கள் ஐசியூ வாசலில் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி உங்கள் தொண்டையே கட்டிப்போனது. ஊரில் சபையார் உபவாசம் இருந்தார்கள். அண்ணன் போய்விட்டார்.

வசனத்தைச் சீட்டு எடுப்பதுபோல் எடுக்கிற வழக்கமே சரியா என்று எனக்கு இப்போது சந்தேகம் உண்டு. ஆனால் "நீ வசனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாய்" என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. நீங்கள் நம்பினீர்கள், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்றார்கள். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுதான் அப்போது நான் கவலைப்பட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்தபோது அந்த வார்த்தையைச் சொன்ன யோபு அதோடு நிறுத்தவில்லை, மதினி. மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அப்புறம் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். துக்கம் கேட்க வந்த நண்பர்கள்தான் கடவுளுக்காகப் பரிந்து பேசுகிறார்கள், கேட்கப் பக்தியாகவும் இருக்கிறது. கர்த்தர் பெருங்காற்றிலிருந்து யோபையும் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணறடிக்கத்தான் செய்கிறார். ஆனால் 42:7இல் அவருடைய கோபம் யார்மேல் என்று பாருங்கள். எலிப்பாசையும் அவனுடைய இரண்டு சிநேகிதரையும் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அந்த நண்பர்களுக்காக யோபு ஜெபிக்க வேண்டியிருந்தது.

எகிப்தைவிட்டு வந்து வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரின் கதியைச் சொல்லி யாரோ உங்களைப் பயமுறுத்தினார்களாமே. எண்ணாகமம் 11ஐ முழுதாக வாசியுங்கள். ஜனங்கள் தங்கள் தங்கள் கூடாரவாசலில் நின்று அழுதார்கள், எகிப்தே மேல் என்றார்கள். அதே அதிகாரத்தில் அவர்களை நடத்திவந்த மோசேயும் வெடிக்கிறார்: இத்தனை ஜனங்களையும் நானா பெற்றேன், இப்படித்தான் நடத்துவீர் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். ஆனால் அவர் அதை ஆண்டவரிடமே சொன்னார். மோசேக்குக் கிடைத்தது தண்டனை இல்லை. பாரத்தைக் கூடச் சுமக்க 70 மூப்பர்கள்.

நீங்களும் அவரிடம்தானே சண்டை போடுகிறீர்கள். ஒருவரை விட்டு மனசு விலகிவிட்டால் அவரோடு சண்டைகூட வராது. உங்கள் ஜெபம் நின்றுபோனதாக நீங்கள் நினைக்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

யோவான் 11இல், சகோதரன் லாசருவை இழந்த மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் ஒருவர் பின் ஒருவராக ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." ஆள் அனுப்பியும் அவர் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கிவிட்டார். ஏன் வரவில்லை என்ற கேள்வி அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. அண்ணன் எனக்கும் சகோதரன்தானே, அந்த வசனத்தை நானும் ராத்திரிகளில் சொல்லியிருக்கிறேன். இயேசு அந்தப் பெண்களைக் கடிந்துகொள்ளவில்லை. மரியாள் அழுவதைப் பார்த்து அவரும் கண்ணீர் விட்டார்.

ஆனால் லாசரு எழுந்து வந்தான், அண்ணன் வரவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதாக நடிக்கவும் மாட்டேன்.

நம் வீட்டில் சங்கீதம் 23, 91, 121 எல்லாம் மனப்பாடம். 88ஐ யாரும் சொல்லித் தரவில்லை. புலம்பல் சங்கீதங்கள் பலவும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று குற்றம் சாட்டி, இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஆலயத்தில் பாட வைத்திருக்கிறார்கள், ஆலயப் பாடகர்களான கோராகின் புத்திரரின் பாட்டு என்று தலைப்புப் போட்டு. ஜெபிக்க வார்த்தை வராத அன்றைக்கு அதைச் சத்தமாக வாசியுங்கள். முடிவில் ஸ்தோத்திரம் சேர்க்க வேண்டாம்.

அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. இருந்தால் கையில் எடுத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று ஆண்டவரிடமே கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். இரண்டு நாள் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வாங்க என்று கூப்பிட மாட்டேன். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்