மறுமுனையில் இருப்பது யார்?

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு இதழ்க் கட்டுரையில் ஒரு வரி: 'வெளிநாடு படிக்கப்போன எங்கள் பிள்ளைகள் அந்த ஊரோடு ஒட்டாமல் கைத்தொலைபேசிக்குள்ளேயே குடியிருக்கிறார்கள்.' நல்லது. மறுமுனையில் இருப்பது யாரென்றும் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இங்கே யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெற்றோரும் உறவினருமான நாங்கள்தான். இரவுச் சாப்பாடு முடித்து 9 மணிக்கு வீடியோ கோல் எடுக்கிறோம். ரொறன்ரோவில் அப்போது கோடையென்றால் காலை 11.30, மாரியென்றால் 10.30. பிள்ளை விரிவுரையில். எடுக்காவிட்டால் 'மாறிவிட்டான்', எடுத்தால் 'எந்நேரமும் போன்தானோ?' வகுப்பு விட்டுக் கூடப் படிப்பவர்களோடு கோப்பி குடிக்கும் அரை மணித்தியாலத்தில்தான் அந்த ஊர்ப் பேச்சும் பழக்கமும் பிடிபடும். அதையும் நாங்களே பிடுங்கிவிட்டு, ஒட்டவில்லை என்கிறோம்.

அடுத்தது வட்ஸ்அப் குறூப். பல்கலைக்கழக மின்னஞ்சல் திறக்கப்படாமல் கிடக்க, அங்கே ஓர் அண்ணா சட்டம் சொல்வார்: 'சம்பளத்தைக் கைக்காசாக வாங்கினால் வேலை மணிக்கணக்கில் வராது.' வரும். கனடாவில் 2024 நவம்பர் 8 முதல் தவணைக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். சம்பளம் எப்படி வந்தாலும் வேலை வேலைதான். 'உன்ர கணக்கில் காசு போடுறன், எடுத்துத் தா' என்பார் வங்கிக்கு வெளியே காசு மாற்றும் உண்டியல்காரர். அது களவெடுத்த காசென்றால் முதலில் முடங்குவது பிள்ளையின் கணக்கு. அறைக்கு முற்பணமும் அப்படித்தான்: தானாக வைப்பாகும் கணக்குக்கு இன்ரரக் என்ற கனடிய வங்கிப் பணமாற்றில் அனுப்பினால் பிறகு நிறுத்த வழியில்லை. அறையை ஒருவர் நேரில் பார்க்கும்வரை ஒரு சதமும் அனுப்பக்கூடாது.

லண்டனில் இருந்துகொண்டு யூரியூப்பில் சம்பாதிக்கும் மாணவரை இங்கே மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். பிரித்தானிய மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. காணொளி விளம்பர வருமானமும் அதற்குள் வரலாம் என்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் எச்சரிக்கின்றன. பொன்னாடைப் படமே சாட்சியாகிவிடும். அமெரிக்க விசாப் படிவத்திலோ கடந்த 5 வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 யூன் முதல் மாணவர்கள் அவற்றைப் பகிரங்கமாகத் திறந்தும் வைக்கவேண்டும். இங்கே மாமாமார் சொல்லும் புத்தி, 'ஒன்றும் இல்லையென்று போடு.'

இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் 'ஆங்கிலப் பரீட்சை தேவையில்லை, விசா நிச்சயம்' என்ற முழுப்பக்க விளம்பரங்களையும் போடுகிறீர்கள். அந்தக் கலாசாரக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒன்று இருந்தது. காசு வாங்கிய பக்கத்துக்குக் கலாசாரம் பொருந்தாது போலும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரித்தானியாவில் மார்ச், ஒக்ரோபர் கடைசி ஞாயிறுகளிலும் மணிக்கூடு மாறும். அந்த நாட்களில் முதற்பக்க மூலையில், இங்கே இரவு 9 என்றால் அங்கே எத்தனை மணி என்று ஒரு சிறு பெட்டி போடுங்கள். இராசிபலனுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.