வாய் திறக்க முடியாத கதைசொல்லி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் வெளிவந்த சிறுகதை உத்திகள் பற்றிய கட்டுரை, 1915இல் ‘விவேகபோதினி’யில் வெளியான வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையைப் பற்றி, அதில் மரம் கதை சொல்கிறது என்றும், அந்த உத்தி தாகூரிடமிருந்து பெறப்பட்டது என்றும் இரண்டே வரிகளில் சொல்லி முடித்துவிட்டது. அக்கதைக்கு இது போதவே போதாது.

1884இல் தாகூர் எழுதிய கதையைக் கங்கைப் படித்துறை சொல்கிறது என்பதும், ஐயர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பதும் மறுக்க முடியாதவை. ஆனால் கதைசொல்லிக்கு என்ன தெரியும் என்று பார்த்தால் இரண்டும் வெவ்வேறு கதைகள். இளம் விதவை குசுமும் துறவியும் பேசுவதைக் கேட்கும் படித்துறையிடம், அவளைக் காப்பாற்றக்கூடிய செய்தி எதுவும் இல்லை. ஐயரின் மரத்திடம் அது இருக்கிறது. பெற்றோர் ஏற்பாடு செய்யும் இரண்டாம் திருமணத்துக்கு இசைந்ததுபோல் நடித்து, கடைசி நேரத்தில் மறுத்துவிடப் போவதாக நாகராஜன் தன் நண்பன் ஸ்ரீநிவாசனிடம் சொல்வதை மரம் கேட்கிறது. அதன் வழியே நாமும் கேட்டுவிடுகிறோம். கேட்டிருக்க வேண்டிய அவன் மனைவி ருக்மிணிக்கு மட்டும் அது எட்டுவதில்லை. அவள் கணவனிடம் மன்றாடும்போதும், அவன் ஆறுதல் சொல்கிறானே தவிர உண்மையைச் சொல்வதில்லை. மனிதர் ஒருவர் இக்கதையைச் சொல்லியிருந்தால், அவளிடம் ஏன் போய்ச் சொல்லவில்லை என்று அவரையே கேட்டிருப்போம். மரத்தை அப்படிக் கேட்க முடியாது. எல்லாம் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத அதன் நிலைக்கே வாசகரையும் ஐயர் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

மரத்தின் எல்லையையும் அவர் மறப்பதில்லை. 1906இல் சென்னையில் திவாலான அர்பத்நாட் கம்பெனியில் ருக்மிணியின் தந்தை பணத்தை இழந்ததை, மரம் காதில் விழுந்த செய்தியாகவே சொல்கிறது.

விளையாட்டுக்குக்கூடப் பெண்களின் மனத்தை நோகச் செய்யாதீர்கள் என்று முடிவில் மரம் அறிவுரை கூறுவது எனக்கு உவப்பானதல்ல. கணவனின் நடிப்பை மெய்யென்று நம்பிய ருக்மிணியின் சாவே அதை உணர்த்திவிட்டது.

ஓர் உத்தி எங்கிருந்து வந்தது என்பதோடு நில்லாமல், கதைக்குள் அது என்ன செய்கிறது என்பதையும் கட்டுரையாளர் இனி விரிவாக எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.