அசோசியேஷன் நிர்வாகிகளே, அந்தத் துண்டு மண்ணைத் திருப்பிக் குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். சம்ப் பக்கத்துல இருந்த பசங்க தோட்டத்தை வழிச்சு எடுத்துட்டு பச்சை கலர்ல பிளாஸ்டிக் புல்லு விரிச்சீங்களே, அதைப் பத்தித்தான். குரூப்ல கேட்டதுக்கு ஒரு கட்டைவிரலோட முடிச்சுட்டீங்க, அதான் இப்படி எழுத வேண்டியதாப் போச்சு.

வெந்தயம் தூவுனா மூணு நாலு நாள்ல முளைச்சுடும், பொறுமையே இல்லாத வாண்டுங்களுக்கு அதான் முதல் பாடம். காஞ்ச பட்டாசுக் காயில எச்சி தொட்டா பட்டுனு வெடிக்கும், அதுக்கு ஒரு அடிதடியே நடக்கும். எல்லாத்தையும் விட அந்தக் கறிவேப்பிலைச் செடி. அதுல ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி வந்து முட்டை வைக்கும், புழு சின்னதா இருக்கறப்போ அப்படியே காக்கா எச்சம் மாதிரி கிடக்கும், பறவை ஏமாந்துடும், வளர்ந்தா இலைப் பச்சை, சீண்டுனா தலைக்குப் பின்னாடி சிவப்பா கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடும் பாருங்க! நீங்க ஆள் விட்டு வெட்டுன அன்னைக்கு அதுல ரெண்டு கூடு தொங்கிட்டு இருந்துச்சு. "அங்கிள், அதுக்குள்ள பூச்சி தூங்குது"ன்னு ஒரு யூகேஜி பொண்ணு ஓடி வந்து சொன்னா, "பூச்சியா, அப்போ மருந்து அடிச்சிடலாம்"னு பதில் சொல்லிட்டு செடியோட மூட்டை கட்டி குப்பை வண்டியில ஏத்துனீங்க. அவ இன்னும் அந்தப் பக்கம் விளையாட வர்றதில்ல.

அந்த மண்ணைத் திருப்பிக் குடுங்க, அவ்ளோதான்.

உங்க புல்லுல மத்தியானம் வெறுங்கால் வைக்க முடியல, சூடு. அதுக்கு டெய்லி ஹோஸ் பைப் வச்சுத் தண்ணி அடிக்கிறீங்க. காசு குடுத்து லாரித் தண்ணி வாங்கி பிளாஸ்டிக்குக்கு ஊத்துற அபார்ட்மெண்ட் சென்னையில நம்மளுதா மட்டும்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அங்கன்வாடியிலயே ஊட்டச்சத்துத் தோட்டம் போடச் சொல்லுது கவர்மெண்ட், இங்க லிஃப்டுக்குள்ள "குழந்தைகளுக்கான நேச்சர் கேம்ப்"னு நோட்டீஸ் ஒட்டி ஃபீஸ் கேக்குறீங்க. பார்க்கிங்ல ரெண்டாவது கார் விடறவங்களுக்கு மட்டும் எப்படித்தான் இடம் கிடைக்குதோ, சரி விடுங்க, அது வேற கதை.

கோவத்துல ஏதாவது அதிகமாச் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கோங்க. ஆடிப்பட்டம் வருது, அதுக்குள்ள சம்ப் ஓரத்துல மட்டும் புல்லை எடுத்துட்டு மண்ணைத் திருப்பிக் குடுங்க ப்ளீஸ். விதை, உரம் எல்லாம் எங்க செலவு, சொசைட்டிக்குப் பைசா வேண்டாம். அடுத்த கமிட்டி மீட்டிங் அஜெண்டாவுல தயவுசெஞ்சு இதைச் சேருங்க, முடிவை நோட்டீஸ் போர்டுல போட்டா போதும்.

இப்படிக்கு,
பசங்களோட பெத்தவங்க சார்பா, பி பிளாக்குல ஒருத்தி