டர்போவை இப்போதைக்குக் கழற்றாதே மாப்ள

மாப்ள செல்வராசு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலாம் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. மருமகன் கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்ததற்கு இரண்டு வரி, வண்டிக்கு மூன்று பக்கம்! சரி, நானும் வண்டியில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பொலேரோ பிக்கப், நீலப் புகை தள்ளுகிறது, திம்பம் ஏற்றத்தில் இழுவை இல்லை, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ போச்சு என்கிறார் மெக்கானிக், அதை மாற்றும்போதே இழுவையைக் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரில் செட்டிங் மாற்றுகிற ரீமேப்பும் போட்டுவிடலாமே என்கிறான் மருமகன். இதுதானே விஷயம்?

நீலப் புகை என்றால் எங்கோ ஆயில் எரிகிறது, அவ்வளவுதான் அர்த்தம். எந்த வழியாக எரிகிறது என்று பார்க்காமல் டர்போ மேல் பழி போடுவது பட்டறைகளில் வழக்கம், ஏனென்றால் கழற்றி மாட்ட அதுதான் சுலபம். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார். குபுகுபுவென்று புகை அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிகிற கேஸ் கீழே இறங்குகிறது. அந்த அழுத்தத்தில், டர்போவில் இருந்து சம்புக்கு, அதாவது இன்ஜின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டிக்கு, வடிய வேண்டிய ஆயில் வடியாமல் சீலைத் தாண்டிப் போய் எரியும். அந்த கேஸை வெளியேற்றுகிற ப்ரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இதே கதைதான். இந்த நிலைமையில் புது டர்போ போட்டாலும் அதே புகைதான் வரும், காசுதான் போகும்.

மூடிப் பக்கம் சாதுவாக இருந்தால், இன்ஜினை அணைத்து நன்றாக ஆறவிட்டு, ஏர் ஹோஸைக் கழற்றி, டர்போ ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார். பக்கவாட்டில் லேசாக ஆடும். ஆயில் படலத்தில் மிதக்கிற பேரிங் அது, ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுபட்டாலோ, பிளேடு சுவரில் உரசிய தடம் தெரிந்தாலோ மாற்று. அப்படி மாற்றினால் ஆயில் வருகிற சின்னக் குழாயையும் சேர்த்துப் புதிதாகப் போடச் சொல். பழைய குழாய்க்குள் கரி கட்டியிருக்கும், பட்டினி போட்டே புது டர்போவையும் கொன்றுவிடும். சம்பைக் கழற்றி வலையைக் கழுவணும், ஆயிலும் ஃபில்டரும் புதுசு. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் டர்போவுக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்ற வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்கிற பட்டறையில் வண்டியை விடாதே.

இழுவை இல்லாததற்கு என் சந்தேகம் வேறு. டர்போவில் இருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸைத் தடவிப் பார், கிளாம்ப் ஓரத்தில் ஆயில் கசிவோ அடிப்பக்கம் வெடிப்போ இருக்கும். லோடு ஏறும்போது மட்டும்தான் அது வாய் திறக்கும், கறுப்புப் புகையும் வரும். ஏர் ஃபில்டரை ஊதி ஊதி ஓட்டாமல் மாற்று. டீசல் ஃபில்டரில் தண்ணீர் இறக்கி எத்தனை நாளாச்சோ?

ரீமேப் மட்டும் வேண்டவே வேண்டாம். கேரட் ஏற்ற நான் ஊட்டி வரை போகிறவன், 2,240 மீட்டர் உயரம். கீழே இருக்கிற காற்றழுத்தத்தில் முக்கால் பங்குதான் அங்கே. அந்த மெல்லிய காற்றை வைத்து இன்ஜினை நிரப்ப டர்போ இன்னும் வேகமாகச் சுற்றணும், சாதாரணமாகவே நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டுகிற சாமான் அது. திம்பம் அவ்வளவு உயரம் இல்லை, ஆனால் 27 கொண்டை ஊசியிலும் உரமூட்டையோடு ஏறுகிறாய். அதில் டீசலையும் கூட்டிவிட்டால் புகைக்குழாய்ப் பக்கம் சூடு ஏறி டர்போ, ஹெட் கேஸ்கட், கிளட்ச் மூன்றும் வரிசையில் நிற்கும். கம்பெனி கார் ஓட்டுகிற பிள்ளைக்கு அது புரியாது, திட்டாதே.

அந்தக் காசில் ரேடியேட்டருக்குக் கோர் மாற்று. நான் மாற்றிய பிறகுதான் கல்லாரில் இருந்து ஏறும்போது சூடு காட்டுகிற முள்ளைப் பார்க்காமல் பாட்டுக் கேட்கிறேன். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும், அதையும் மாற்று. ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே வைத்து ஒயர் இழுத்தால் சுவிட்ச் கருகாது, வெளிச்சமும் கூடும். டிரைவர் சீட்டுக்குப் புது ஃபோம் போட்டேன், இன்ஜின் வேலையைவிட அதற்குத்தான் வீட்டில் கேள்வி கேட்டார்கள். முதுகு யாருடையது?

இன்னொன்று, பண்ணாரி செக்போஸ்ட்டில் காலை 6 மணிக்குத் திறந்ததும் எல்லாரும் அடித்துப் பிடித்து ஏறுகிறீர்கள். ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த வண்டி, ஆயில் மேலே வந்து சேரக்கூட நேரம் கொடுக்காமல் மிதித்தால் எந்த டர்போ தாங்கும்? இரண்டு நிமிஷம் ஐடிலில் விடு, முதல் வளைவுகளை நிதானமாக ஏறு. மேலே போய் நிறுத்தியதும் டக்கென்று சாவியைத் திருப்பி அணைக்காதே.

எட்டு வருஷம் தாண்டிவிட்டதால் இனி வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), எனக்கும் அதே தலைவலிதான். ஆனாலும் புது வண்டிக்கு மாசாமாசம் தவணை கட்டுவதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் என் கணக்கு. ரிங் போயிருந்தால் மட்டும் கணக்கு மாறும், இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்றுகிற ஹாஃப் இன்ஜின் வேலைக்கு எவ்வளவு கேட்கிறார் என்று எழுது.

முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும்போது முன்கூட்டியே சொல். லோடு இறக்கியதும் நம்ம மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம். ஞாயிறு வேண்டாம், அன்றைக்குக் கடை திறக்கமாட்டார்.

அன்புடன்,
மாதேஷ்
கோத்தகிரி