ஜிம்மியோடு மலையேறப்போகும் தம்பிக்கு

அன்புள்ள கார்த்தி,

அடுத்த மாதம் உன் நாய் ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு மலையேறப் போவதாக எழுதியிருந்தாய். "அவனுக்கு நாலு கால் இருக்குண்ணா, எனக்கு முன்னாடியே உச்சியில நிப்பான்" என்றும் எழுதியிருந்தாய். நிற்பான், அதில் சந்தேகமே இல்லை. என் கவலையெல்லாம் அவன் இறங்குவதைப் பற்றித்தான்.

2020 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் மலையில் நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? டெய்சி என்ற செயின்ட் பெர்னார்ட் இன நாய், 55 கிலோ எடை. உச்சிக்குப் போய்விட்டு இறங்கும் வழியில் பின்னங்காலில் வலி வந்து படுத்தவள், அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மறுத்துவிட்டாள். மீட்புக் குழுவைச் சேர்ந்த 16 பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கி, சுமார் ஐந்து மணி நேரம் போராடிக் கீழே கொண்டுவந்தார்கள். அந்த மலையின் உயரம் 978 மீட்டர்தான். ஆல்ப்ஸ் பனியில் வழிதவறியவர்களைத் தேடிப் போனதற்காகவே பெயர் வாங்கிய இனம் வேறு!

பதிலுக்கு நீ மேராவின் கதையை எடுத்துக்கொண்டு வருவாய், தெரியும். 2018-இல் நேபாளத்தில் ஒரு மலையேற்றக் குழுவின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய், 7,129 மீட்டர் உயரப் பருண்ட்சே சிகரத்தைத் தொட்ட தெருநாய். சரிதான். ஆனால் அது மலைநாட்டிலேயே திரிந்த உடம்பு. ஜிம்மி காலையில் தெருமுனை வரை போய்வந்து சோபாவில் சாய்கிறவன்.

இறக்கம் ஏன் கஷ்டம் என்றால், சமதளத்தில் நிற்கும்போதே நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. செங்குத்தான சரிவில் மிச்சத்திலும் ஒரு பங்கு முன்னால் வந்துவிழும். ஒவ்வொரு பாறையிலிருந்து குதிக்கும்போதும் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அந்த அடியை வாங்குகின்றன. ஏறிக் களைத்த தசைகளோடு இதை வேறு செய்ய வேண்டும். பாறை விளிம்பில் நாய் தயங்குவதைக் கவனித்துப் பார்: ஒரு முன்னங்காலைக் கீழே விடும், திரும்ப எடுத்துக்கொள்ளும், பக்கவாட்டில் வேறு வழி இருக்கிறதா என்று நாலடி போய்ப் பார்க்கும், பிறகு உன் முகத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் மட்டும் "வாடா வாடா" என்று செயினை இழுத்துவிடாதே. நீ முதலில் இறங்கி, காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, ஹார்னஸின் (நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டை) முதுகுப் பிடியைப் பற்றி அவன் பாரத்தைத் தாங்கிக் கொடு.

ஆகவே கழுத்துப் பட்டை போதாது. நெஞ்சைச் சுற்றிவரும், முதுகில் கைப்பிடி வைத்த ஹார்னஸ் வாங்கு. கயிறு இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். தானாகச் சுருளும் கயிறு வேண்டவே வேண்டாம், அது பாறையிலும் புதரிலும் சிக்கும். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பது இப்போது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஏற்றத்தில் சுகம்தான், இறக்கத்தில் அவன் ஒரு அணிலைப் பார்த்தால் உன் கதி என்ன? அங்கே கயிறு கையில்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது வெயில். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது, அவனுக்குப் பாதத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நாக்கைப் பார்த்தாலே தெரியும்: முனை அகன்று, ஓரம் சுருண்டு, கரண்டி மாதிரி வெளியே தொங்கினால் நிழலில் உட்கார வேண்டிய நேரம். நிழல் கண்ட இடமெல்லாம் படுப்பதும், முன்னால் ஓடிக்கொண்டிருந்தவன் உன் பின்னால் வருவதும் அதே செய்திதான். தள்ளாட்டம், வாந்தி, கெட்டியான எச்சில் என்று வந்துவிட்டால் அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). கையில் இருக்கும் தண்ணீரையெல்லாம் அவன் மேல் ஊற்றி விசிறு. ஈரத் துண்டைப் போர்த்திவிடாதே, சூடு உள்ளேயே தங்கிவிடும். உடம்பைக் குளிர வைத்த பிறகுதான் வண்டியில் ஏற்றி டாக்டரிடம் ஓட வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை இந்த வேலைக்கே கூட்டிப்போகக் கூடாது என்பது என் கட்சி. ஜிம்மிக்கு மூக்கு நீளம், பிழைத்தான்.

அவனுக்கான தண்ணீரையும் நீதான் சுமக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடு. தேங்கிய குட்டையில் வாய் வைக்க விடாதே, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று இந்த வாரமே கேட்டுவிடு. தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் பல இடங்களில் நாயை உள்ளே விடுவதில்லை, அதையும் முன்பே விசாரித்துக்கொள்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. "என்னால் முடியவில்லை, திரும்பலாம்" என்று அவன் சொல்லமாட்டான். நீ நடக்கிற வரை அவனும் நடப்பான். பாதத்துத் தோல் உரிந்தாலும் நொண்டிக்கொண்டே வருவான். திரும்புவது என்ற முடிவை நீதான் எடுத்தாக வேண்டும், அதுவும் அவனிடம் பாதிக்கு மேல் தெம்பு இருக்கும்போதே. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது என்பதெல்லாம் காரணமே ஆகாது. நாயை முதுகில் சுமக்கத் தூளி மாதிரி ஒன்று விற்கிறார்கள், ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள். வாங்கியதும் வீட்டிலேயே 30 கிலோ ஜிம்மியை அதில் வைத்துச் சுமந்து, மாடிப்படியில் மூன்று தடவை இறங்கிப் பார். முடியவில்லை என்றால் தனியாகப் போகாதே, இன்னொருவரைச் சேர்த்துக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் அவனைப் படுக்கப்போட்டு உண்ணி பார். காது மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, விரல்களுக்கு நடுவே என்று விரலால் தடவிக்கொண்டே போ. கண்ணுக்குத் தப்புவது விரலில் மிளகு போல நெருடும். நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடு. அடுத்த மூன்று வாரத்துக்குள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தான் என்றால், மலைக்குப் போய்வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்.

மாடிப்படி என்ன ஆயிற்று என்று எழுது. ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்