பள்ளித் தொலைபேசி மாறுகிறது: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பள்ளி அலுவலகத் தொலைபேசி வேலை செய்யாது. வெளியிலிருந்து வரும் அழைப்பை அந்தந்த அறை போனுக்கு இணைத்துவிடும், சுவரில் மாட்டியிருக்கும் பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வழியாக இயங்கும் புதிய கருவியை வைக்கிறோம். திங்கள்கிழமை காலை மணி அடிப்பதற்குள் தயாராகிவிடும் என்று வேலை செய்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியின் எண் மாறாது. விஷயத்தைக் கேள்விப்பட்ட எல்லாருமே முதலில் கேட்டது இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'பள்ளிக்கு எத்தனை முறை அடித்தாலும் யாரும் எடுப்பதில்லை' என்று பெற்றோர் கூட்டத்தில் பலர் கோபப்பட்டீர்கள். கோபம் நியாயமானது. ஆனால் அலுவலகத்தில் இருப்பவர்கள் மேல் அந்தக் குற்றத்தைப் போட முடியாது. நீங்கள் அழைக்கும்போது உங்கள் காதில் கேட்கும் 'ட்ரிங் ட்ரிங்' எங்கள் மேசையில் இருக்கும் போனிலிருந்து வருவதில்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் ஒலி அது. நம் பெட்டிக்குள் செருகியிருக்கும் கார்டு எனப்படும் மின்னணுப் பலகைகளில் ஒன்று போய்விட்டால், உங்கள் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கும், இங்கே எந்தப் போனும் முனகக்கூடச் செய்யாது. அழைப்பு வந்ததற்கான சுவடும் அந்தப் பெட்டியில் இருக்காது.

அந்த கார்டுகள்தான் தலைவலி. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் செம்புக் கம்பி வழியாக மின்னதிர்ச்சி உள்ளே வந்து ஒன்றையாவது பொசுக்கிவிடும். அந்த மாடலைத் தயாரிப்பதே நின்றுவிட்டதால், வேறு எங்கோ கழற்றிப் போட்ட பெட்டியிலிருந்து பிடுங்கிய கார்டைத்தான் மெக்கானிக் கொண்டுவந்து செருகுகிறார். அடுத்த மழைக்கு அதுவும் போகும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. 2021 ஜனவரி 15 முதல், தரைவழி போனிலிருந்து கைப்பேசிக்கு அழைக்க முன்னால் 0 போட வேண்டும் என்று ஆனது உங்களுக்கு நினைவிருக்கலாம். நம் பெட்டியிலோ வெளி லைன் கிடைக்கவே ஒரு 0 போட வேண்டும். அதோடு, வெளியூர் அழைப்புச் செலவைக் கட்டுப்படுத்த, வகுப்பறைப் பக்கத்து போன்களில் அடுத்த 0 வேலை செய்யாதபடி எப்போதோ பூட்டி வைத்திருந்தார்கள். விளைவு, காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையின் அம்மாவைக் கூப்பிட ஆசிரியர் தன் சொந்தக் கைப்பேசியை எடுக்க வேண்டியதாயிற்று. தெரியாத எண் என்று நீங்களும் பல நேரம் எடுக்கவில்லை. இனி எந்த அறையிலிருந்து அழைத்தாலும் பள்ளியின் எண்தான் உங்கள் திரையில் தெரியும். அதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் விஷயத்தில் நிர்வாகக் குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. கைப்பேசி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்றும் வசதி நாடு முழுவதும் 2011இல் வந்துவிட்டது. தரைவழி எண்ணுக்கு அது கிடையாது. குறைந்த கட்டணம் சொன்ன நிறுவனத்துக்குப் போயிருந்தால் எண்ணை இழந்திருப்போம். தாத்தா, பாட்டி வரை மனப்பாடமாக வைத்திருக்கும் எண் அது. அதனால் பழைய நிறுவனத்திலேயே ஃபைபர் இணைப்புக்கு மாறுகிறோம். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, ஆகவே அந்த வழியாக இடி வரும் பயமும் இல்லை.

ஆனால் ஃபைபரில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பழைய செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரமும் வந்துகொண்டிருந்தது. ஊரே இருண்டாலும் அந்தக் கம்பியில் நேராக மாட்டிய போன் பேசும். புதிய முறையில் மோடம், சுவிட்ச், போன் எல்லாவற்றுக்கும் நம் கரண்ட்தான் வேண்டும். ஆகவே இவற்றுக்கு மட்டும் தனி யூ.பி.எஸ். வாங்கியிருக்கிறோம், கணினி அறைக்கான யூ.பி.எஸ்.ஸோடு சேர்க்கவில்லை. புயல் நாளில் அதுவும் தீர்ந்துபோகலாம் என்பதால், விடுதி வார்டன் அறையில் ஒரு செம்பு லைனையும் பழைய போனையும் அப்படியே விட்டுவைக்கிறோம். நிறுவனம் அந்த லைனை நிறுத்தும்வரை அது இருக்கட்டும்.

'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், கட்டண விவரத்துக்கு மூன்றை அழுத்தவும்' என்று பேசும் வசதி புதிய கருவியில் இருக்கிறது. நான் வேண்டாம் என்றேன். பதற்றத்தோடு அழைப்பவரை மெஷினிடம் பேச வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அலுவலகத்தில் மணி அடிக்கும். நான்கு முறை அடித்தும் எடுக்காவிட்டால் என் அறைக்கு வரும், அங்கும் ஆளில்லை என்றால் உதவித் தலைமையாசிரியருக்குப் போகும். பள்ளி முடிந்த பிறகு விடுதிக்கும் கேட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்கும் ஒன்றாக அடிக்கும். தவறிய அழைப்புகளின் பட்டியலை அலுவலகத்தில் தினமும் மாலை பார்த்துத் திருப்பி அழைப்பார்கள். பேச்சைப் பதிவு செய்யும் வசதியை அணைத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

இதற்காக உங்களிடம் எந்தத் தொகையும் வசூலிக்கவில்லை; பராமரிப்பு நிதியிலிருந்தே செலவு செய்கிறோம். பழைய பெட்டியை இயற்பியல் ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டார், பிளஸ் டூ பிள்ளைகள் பிரித்துப் பார்க்க.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட மோசடிக்காரர்களால் முடியும். பள்ளி எண்ணிலிருந்தே வந்தது போலத் தெரிந்தாலும், ஓ.டி.பி. கேட்டாலோ உடனே பணம் அனுப்பச் சொன்னாலோ வைத்துவிடுங்கள். பிறகு நீங்களே பள்ளி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். பள்ளியிலிருந்து யாரும் போனில் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள்.

சனி, ஞாயிறு விடுதிப் பிள்ளைகளிடம் பேச வேண்டியவர்கள் வார்டனின் கைப்பேசிக்கு அழையுங்கள். எண் டைரியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. திங்களன்று 'வேலை செய்கிறதா' என்று பார்ப்பதற்காக மட்டும் எல்லாரும் அழைக்க வேண்டாம், தயவுசெய்து. உண்மையான தேவைக்கு அழைத்தும் இணைப்பு கிடைக்காவிட்டால், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து அழைத்தீர்கள் என்று பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள். கருவியில் இருக்கும் அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, கோளாறு எங்கே என்று அன்றே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்